எண்ணும் பெயரும்: ஓர் ஆசிரியர் நினைவு

1. முகவுரை

ஓர் ஊரின் வாழ்வைத் தாங்கி நிற்போர் பலர். அவருள் இரு திறத்தார் தம் உழைப்பின் பயனைத் தாம் துய்க்காமலே செல்பவர். ஒருவர் போர் வீரர்; மற்றவர் ஆசிரியர். வீரர் காத்த நாட்டில் அமைதியாய் வாழ்பவர் பிறர். ஆசிரியர் ஊட்டிய அறிவால் உயர்பவரும் பிறரே. ஆதலின் இவ்விரு திறத்தார்க்கும் நாம் பட்ட கடன், கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கக்கூடிய கடனன்று. அதனைச் செலுத்தும் வழி நினைவுகூர்தல் ஒன்றே.

நினைவுகூர்தல் என்பது யாது? ஆண்டுக்கொரு முறை படத்திற்கு மாலை சூட்டுவதா? கூட்டம் கூட்டிப் புகழுரை படிப்பதா? கல் நாட்டுவதா? இவை யாவும் நல்லனவே. எனினும், இவற்றால் ஒரு மனிதர் உண்மையாகவே நினைக்கப்படுகிறாரா என்பது ஆராய்தற்குரியது. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட வாழ்க்கை தொலைவிலுள்ளதன்று. நம் பாலாற்றுப் பக்கத்ததே. திருப்பத்தூரிலே ஒரு நகராண்மைப் பள்ளியில் தமிழாசிரியராய் இருந்து, பின்னர்த் தமிழ்நாடு முழுவதும் "மு. வ." என இரண்டெழுத்தால் அறியப்பெற்ற டாக்டர் மு. வரதராசனாரின் வாழ்க்கையே அது. அவர் வாழ்க்கையைக் காணுமிடத்து, அவருக்குத் தமிழ் சொல்லிய மற்றோர் ஆசிரியரையும் காண்போம். உண்மையில் இக்கட்டுரையின் உயிர் அவ்விரண்டாம் மனிதரிடத்திலேயே உள்ளது.

2. கல்லிற் பொறித்த கணக்கு

முதலில் போர் வீரரைப்பற்றிச் சிறிது கூறுவோம். வேலூர் லாங்கு பஜாரிலே நிற்கும் மணிக்கூண்டை அறியாத மாணாக்கர் இலர். காய்கறி வாங்க வருவோரும், மண்டிக்கு மூட்டை சுமப்போரும் நாள்தோறும் அதன் நிழலிலே செல்கின்றனர். அதில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு வேலூரிலிருந்து சென்றவர் 277 பேர் என்றும், அவருள் உயிர் கொடுத்தவர் 14 பேர் என்றும் அது ஆங்கிலத்திற் கூறுகின்றது. இதைப் போன்ற வாசகமுள்ள கற்கள் அந்நாளைய சென்னை இராஜதானியின் ஊர்கள் பலவற்றிலும் நாட்டப்பட்டன. எண்தான் ஊருக்கு ஊர் வேறுபடும்.

அப்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். மாண்டோர் ஏறத்தாழ 74,000 பேர் என்பர். நம் பகுதி ஆளை மட்டும் அனுப்பவில்லை, தோலையும் அனுப்பிற்று. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட சென்னைத் தோல், போர்க்காலத்தில் படைவீரர் காலணிக்கென அரசாங்கத்தாராலே கொள்முதல் செய்யப்பட்டது. இங்கே பதனிட்ட தோலால் ஆன காலணியோடு அயல்நாட்டுச் சேற்றிலே நடந்த வீரர் எத்துணைப் பேரோ!

மணிக்கூண்டின் கல் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு மெய்யும் சொல்லவில்லை. 277 என்பது ஓர் எண். 14 என்பதும் ஓர் எண். எந்தத் தெருவிலிருந்து சென்றார், அவருக்குப் பெண்டு பிள்ளை உண்டா, எந்தக் கடலிலே, எந்த மண்ணிலே மடிந்தார் என்பன ஒன்றும் அக்கல்லில் இல்லை. புது டில்லியிலே 1931-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற போர் நினைவு வாயிலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் சுவர்களிலே 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் தம் பாட்டனார் பெயரைத் தேடி அங்கே விரலை வைக்கக் கூடும். எண்ணின்மீது விரலை வைத்து, "இவர் எங்கள் பாட்டனார்" என்று எவரும் சொல்ல இயலாது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. எண்ணுதல் வேறு, நினைத்தல் வேறு. எண்ணுதல் அரசாங்கத்தின் வேலை. நினைத்தலோ அறிந்தவர் வேலை. அறிந்தவர் எழுதிவையாவிட்டால், எண் மட்டுமே எஞ்சும்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, வீடுதோறும் படையிற் சேர்ந்தவர் உள்ள ஊரெனப் பெயர் பெற்றது. மக்கள் அதனை "இராணுவப்பேட்டை" என்றே வழங்குவர். அங்கே நினைவு கல்லில் மட்டும் இல்லை, திண்ணையிலும் இருக்கின்றது. பாட்டனார் சொல்லத் தந்தையாரும், தந்தையார் சொல்ல மகனும் கேட்டு வளர்ந்த ஊர் அது. ஆயினும் திண்ணைப் பேச்சும் ஒரு தலைமுறை கழிந்தால் தேய்ந்து போகும். எழுதாத நினைவு நீரில் இட்ட கோலம் போன்றது.

3. இரண்டு கடமையும் ஒருவரிடத்தில்

போர்ப்பணியும் ஆசிரியப் பணியும் ஒருவரிடத்திலேயே கூடுதலும் உண்டு. படையிலிருந்து மீண்டு பள்ளியிலே தேகப்பயிற்சி ஆசிரியராய் அமர்ந்தவரை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். 1948-இல் தேசிய மாணவர் படை ஏற்பட்ட பின்னர், கலாசாலை ஆசிரியரே படை உடை அணிந்து மாணாக்கரை அணிவகுப்பில் நடத்தும் வழக்கமும் வந்தது.

வேலூர்க்கே உரிய ஒரு பெருஞ்சான்று டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார். 1890-ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்திலே பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, 1917-இல் மகளிர் மருத்துவப் பணியிற் சேர்ந்தவர். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இந்திய மருத்துவப் படைப்பணியில் லெப்டினன்ட் கர்னல் என்னும் பதவி பூண்டவர். போர் முடிந்து நாடு விடுதலையுற்ற பின், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராய் அமர்ந்து, மருத்துவ மாணாக்கரையும் தாதியரையும் உருவாக்கினார். 1961-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1978-இல் காலமானார்.

போரிலே பதவி வகித்த ஒருவர் அதன்பின் பாடஞ் சொல்லும் அறைக்கு வந்தது இறக்கமா, ஏற்றமா என்று வினவுவோர்க்கு இவ்வம்மையார் வாழ்க்கையே விடை. படைப்பணியில் அவர் பேணிய கட்டுப்பாடும், நோயாளியின் உயிரைத் தம் உயிர்போற் கருதும் மனமும் மாணாக்கர்க்குப் பாடமாயின. கல்லூரி நூல்களும் நாட்டின் ஏடுகளும் அவர் பெயரைக் காத்து வைத்திருக்கின்றன. அவர் பெருநிறுவனம் ஒன்றின் தலைவராதலின் அது எளிதாயிற்று. பெருநிறுவனமும் பதவியும் இல்லாத சிற்றூர் ஆசிரியர் பெயரை யார் காப்பது? இவ்வினாவோடு திருப்பத்தூர்க்குச் செல்வோம்.

4. தாலுகா அலுவலகத்து இளைஞர்

ஜவ்வாது மலையும் ஏலகிரியும் பக்கத்தே நிற்கத் திருப்பத்தூர் அமைந்துள்ளது. அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்த அவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றையும் தன்னுட்கொண்ட தனி மாவட்டத்தின் தலைநகராய் விளங்குகின்றது. அவ்வூரிலே 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், முனுசாமி முதலியார்க்கும் அம்மாக்கண்ணு அம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தவர் வரதராசனார். திருவேங்கடம் என்பது பெற்றோர் இட்ட பெயர். பாட்டனார் பெயராகிய வரதராசன் என்பதே பின்னர் நிலைத்தது. வாலாஜா பக்கத்து வேலம் என்னுஞ் சிற்றூரிலே இளமையும் தொடக்கக் கல்வியும், திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியும் அமைந்தன.

பதினாறாம் வயதிலே பள்ளியிறுதித் தேர்வில் தேறிய அவர், 1928-இல் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கு அரசாங்க எழுத்தர் வேலை கிடைத்தல் பெரும்பேறு. மாதந்தோறும் சம்பளம்; முதுமையில் ஓய்வூதியம்; உறவினரிடையே மதிப்பு. அவ்வழியே சென்றிருந்தால், தாசில்தார் கச்சேரியின் கோப்புக்களோடு அவர் வாழ்வும் முடிந்திருக்கும். ஆனால் உடல் நலங்குன்றியது. வேலையை விட்டு ஓய்வுக்காகக் கிராமம் சென்றார்.

நோயும் வேலையிழப்பும் ஒருங்கே வந்த இளைஞன் மனம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உறவினர் இரங்குவர், சிலர் ஏளனமும் செய்வர். அத்தகைய நிலையில் பலர் சோர்ந்து ஒடுங்குவர். வரதராசனார்க்கு அவ்வேளையிலே ஒரு கைகாட்டி கிடைத்தார். அவர்தாம் திருப்பத்தூர் முருகைய முதலியார்.

5. முருகைய முதலியார்

முருகைய முதலியாரிடம் வரதராசனார் தமிழ் கற்கலானார். 1931-இல் வித்துவான் முதனிலைத் தேர்வில் தேறினார். அதன்பின் கலாசாலை எதிலும் சேராமலே தாமே பயின்று, 1935-இல் வித்துவான் தேர்வை எழுதி, மாகாணத்திலேயே முதல்வராய்த் தேறினார். அவ்வெற்றிக்காகத் திருப்பனந்தாள் மடத்தார் ஆயிரம் ரூபாய் பரிசளித்தனர். 1935-ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாய் என்பது சிறு தொகையன்று. அதனினும் பெரிது, கலாசாலையின் வாயிலை மிதியாத ஒருவர் அதனைப் பெற்றார் என்பது.

இங்கே ஒரு தடை எழலாம். "வரதராசனார் தாமாகவே பயின்றல்லவோ முதன்மை பெற்றார்? ஆசிரியர்க்கு அதிலே என்ன பங்கு?" என்பர் சிலர். தடை நியாயமானதே. வழியைக் காட்டியவர் ஆசிரியர், நடந்தவர் மாணாக்கர். நடந்த கால்களின் உழைப்பை வழிகாட்டியின் கணக்கில் எழுதுதல் முறையன்று. எனினும், தமிழ் இலக்கணம் என்னும் பெருங்காட்டிலே தனியே புகுவோன் எங்கே தொடங்குவது, எதை முன்னர்ப் படிப்பது, எதைப் பின்னர்ப் படிப்பது என்றறியாது மயங்குவான். முதற் படியிலே கைகொடுத்தவர் இல்லையேல், பின்னர்த் தனியே ஏறும் வலிமையும் வாய்த்திராது. 1931-ஆம் ஆண்டுத் தேர்ச்சி இல்லையேல் 1935-ஆம் ஆண்டு வெற்றியும் இல்லை. தாமே கற்கவல்லவனாகும்படி மாணாக்கனை விட்டு விலகிக்கொள்ளும் ஆசிரியரே சிறந்த ஆசிரியர்.

நம் பகுதியில் யாவரும் அறிந்த ஒரு தொழிலைக் கொண்டு இதனை விளக்கலாம். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஒட்டிய சதையைச் சுரண்டி, ஆவாரம்பட்டை நீரிலே பன்னாள் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி எடுப்பது பழைய முறை. அவசரப்பட்டு எடுத்தால் தோல் அழுகும். பட்டையின் சாரம் தோலுக்குள் ஊறுவதைக் கண்ணாற் காண முடியாது. வெளியே வந்து பல்லாண்டு உழைக்கும்போதுதான் அது நன்றாய்ப் பதப்பட்டதா என்பது தெரியும். அதற்குள் குழியிலிருந்த பட்டை சக்கையாய் எறியப்பட்டிருக்கும். சிற்றூர் ஆசிரியரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அவருடைய சாரம் மாணாக்கரிடத்தில் நிற்கின்றது, அவரோ மறக்கப்படுகிறார்.

முருகைய முதலியார் முழுதும் மறக்கப்படாமைக்குக் காரணம், அவருடைய மாணாக்கரின் வாழ்க்கை வரலாற்றிலே அவர் பெயர் இடம்பெற்றதே. மு. வ. வாழ்க்கையைச் சுருக்கமாய் எழுதுவோரும், திருப்பத்தூர்ப் பகுதிக்கு வந்தவுடன் அவர் பெயரைச் சொல்லாமல் மேற்செல்வதில்லை. ஒரு பெயர், ஓர் ஊர், தமிழ் கற்பித்தார் என்னும் ஒரு செய்தி. அவ்வளவே. ஆயினும் லாங்கு பஜார்க் கல்லிலே எண்ணாய் நிற்கும் 277 பேர்க்குக் கிடையாத பேறு இவருக்குக் கிடைத்தது.

6. திருப்பத்தூர் முதல் மதுரை வரை

1935-இலே வரதராசனார் வாழ்வில் மேலும் இரண்டு நன்மைகள் நிகழ்ந்தன. மாமன் மகளாராகிய இராதா அம்மையாரை மணந்தார். திருப்பத்தூர் நகராண்மை உயர்நிலைப் பள்ளியிலே தமிழாசிரியராய் அமர்ந்தார். எந்த ஊரிலே எழுத்தராய் இருந்தாரோ, அதே ஊரிலே ஆசிரியராய் மீண்டார். கச்சேரியிலே அவரைக் கண்ட கண்களே பள்ளியிலும் கண்டன. சிற்றூர் ஆசிரியர்க்கு இதுவும் ஒரு சோதனை. பெருநகரத்து ஆசிரியர் வகுப்பறையில் மட்டும் ஆசிரியர். சிற்றூர் ஆசிரியரோ கடைத்தெருவிலும், கோயில் வாயிலிலும், புகைவண்டி நிலையத்திலும் ஆசிரியரே. அவர் வாழ்வு முழுவதும் மாணாக்கரின் கண்முன் நிகழ்வது.

அப்பள்ளியில் அவர் இருந்தது ஏறக்குறைய மூன்றாண்டுகளே. 1939-இல் பி. ஓ. எல். பட்டம் பெற்று, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1944-இல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும்பற்றி ஆராய்ந்து எம். ஓ. எல். பட்டமும், 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். தமிழாராய்ச்சிக்காகச் சென்னைச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றோருள் அவரே முதல்வர். 1961-இல் அச்சர்வகலாசாலையின் தமிழ்ப் பேராசிரியரானார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பதவியிலிருக்கும்போதே 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எண்பதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவற்றுள் 1949-இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரை, சட்டைப்பையில் அடங்கும் சிறு நூலாய், நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புக்கள் கண்டு, தமிழர் வீடுகளிலெல்லாம் புகுந்தது. அதன் நடையை ஊன்றிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அது புலவர் புலவர்க்கு எழுதிய உரையன்று. ஆசிரியர் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் மாணாக்கனை நினைந்து எழுதிய உரை. பரிமேலழகர் உரையைத் தொட அஞ்சுவோனும் இதனைத் தொடலாம். அவ்வெளிமையில் சிற்றூர்ப் பள்ளியின் கரும்பலகை தோன்றுகின்றது என்று கூறுதல் மிகையாகாது.

"அன்னைக்கு," "தம்பிக்கு," "தங்கைக்கு," "நண்பர்க்கு" எனக் கடித வடிவிலே அவர் எழுதிய நூல்களும் இத்தகையனவே. கடிதம் என்பது ஒருவர் ஒருவர்க்கு எழுதுவது. நாட்டின் இளைஞர் அனைவர்க்கும் அறிவு கூற விரும்பியவர், மேடைப் பேச்சின் வடிவை விட்டுக் கடிதத்தின் வடிவை ஏன் தேர்ந்தார்? கூட்டத்தை நோக்கிப் பேசுவது எண்ணை நோக்கிப் பேசுவது. தம்பியை நோக்கி எழுதுவது பெயரை நோக்கி எழுதுவது. நல்லாசிரியர் நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் ஒவ்வொருவனோடும் தனியே பேசுவதுபோற் பேசுவர். மு. வ. தம் கடிதங்களிலே அதனையே செய்தார்.

7. அகல் விளக்கு

அவர் எழுதிய நாவல்களுள் "அகல் விளக்கு" 1961-இல் சாகித்திய அக்காதெமியின் பரிசு பெற்றது. அக்கதை தொடங்குவது சென்னையிலோ மதுரையிலோ அன்று, நம் வாலாஜாவிலே. அழகும் கூரிய அறிவும் உடைய சந்திரன், இரண்டும் நடுத்தரமான வேலய்யன் என்னும் நண்பர் இருவரின் வாழ்க்கையே அதன் பொருள். பெருந்திறமை உடையவன் தன்னைக் காத்துக்கொள்ளாது கெடுகிறான். எளியவன் ஒழுங்கினால் நிலைபெறுகிறான்.

பள்ளி ஆசிரியராய் இருந்த ஒருவர்க்கன்றி இக்கதைப்பொருள் எளிதில் தோன்றாது. எந்த ஆசிரியர்க்கும் ஒரு சந்திரன் உண்டு. அவனை நினைந்து அவர் முதுமையிலும் பெருமூச்செறிவர். எந்த ஆசிரியர்க்கும் பல வேலய்யர்கள் உண்டு. வகுப்பில் அவர்களை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ஊரைத் தாங்குபவர்கள் அவர்களே. அகல் விளக்குச் சிறிது. அதன் ஒளியும் சிறிது. எனினும் அது இருந்த இடத்திலே நின்று எரிவது. பக்கத்து அகலையும் ஏற்றவல்லது. திருப்பத்தூர் முருகைய முதலியார் ஓர் அகல். அதிலே ஏற்றிய மற்றோர் அகல் தமிழ்நாடு முழுவதுக்கும் ஒளி தந்தது. இரண்டாம் அகலைப் புகழ்வோர் முதல் அகலை மறத்தல் தகாது.

இங்கே நம் வேலூர்க்கு உரிய ஒரு செய்தியையும் நினைத்தல் வேண்டும். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்குச் செல்லுமுன், வேலூர் ஊரிசுக் கலாசாலையிலே பயின்றவர். அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5, 1962-ஆம் ஆண்டு முதல் ஆசிரியர் நாளாய் நாடெங்கும் கொண்டாடப்படுகின்றது. அந்நாளிலே அவர் படத்தை அலங்கரிக்கின்றோம். ஆனால் வேலூர் வகுப்பறையில் அவருக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர்களின் பெயரைக் கேட்டால், உடனே விடை கூறுவோர் எத்தனை பேர்? ஆசிரியர் நாள் என்பது புகழ்பெற்ற ஓர் ஆசிரியரை நினைத்தற்கு மட்டும் உரியதன்று. புகழ்பெறாத பல ஆசிரியரை நினைத்தற்கும் உரியது.

8. நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் பாடம் ஒன்றே. ஆசிரியரையும் வீரரையும் நிலைநிறுத்துவது அவரை அறிந்தவர் எழுதிவைக்கும் உண்மையான குறிப்பு. மு. வ. தாமே பெர்னார்டு ஷா, காந்தியடிகள், தாகூர், திரு. வி. க. ஆகியோர் வாழ்க்கையை எளிய நூல்களாய் எழுதித் தந்தார். அவர்களெல்லாம் உலகறிந்தோர், பிறரும் எழுதுவர். உலகறியாத நம் ஆசிரியரை நாமன்றி எழுதுவார் இலர்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை நினைத்துப் பாருங்கள். தோல் ஷாப்பிலே சுண்ணாம்புக் குழியில் நின்று கை கால் வெந்த தந்தைமார் எத்தனையோ பேர், தம் மக்கள் அக்குழியில் இறங்கலாகாது என்று பள்ளிக்கு அனுப்பினர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றிற்று. ஆம்பூரிலே மஸ்ஹருல் உலூம் பள்ளியும், லுத்தரன் சபையாரின் கன்கார்டியாப் பள்ளியும் வளர்ந்தன. அவ்வூர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்தது கட்டடங்களாலன்று. அக்கட்டடங்களுள் நின்று தொண்டை வறளப் பேசிய ஆசிரியராலே. ஒரு குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்தவன் தன் ஆசிரியர் பெயரை எழுதிவையாது போனால், அக்குடும்பம் குழியிலிருந்து கரையேறிய வரலாற்றின் முதல் ஏடே கிழிந்துவிடும்.

ஆகவே மாணாக்கரும் பழைய மாணாக்கரும் மேற்கொள்ளத்தக்க சில விதிகளை இங்கே கூறுவோம்.

முதலாவது, பெயரும் ஊரும் ஆண்டும் பிழையின்றி எழுதுக. "எங்கள் கணக்கு வாத்தியார்" என்றெழுதினால் நமக்கு விளங்கும். நம் பேரர்க்கு விளங்காது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆண்டு மலர், குழுப் புகைப்படத்தின் அடியிலுள்ள எழுத்து ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்க.

இரண்டாவது, போர் வீரராயின் அவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க. படையினின்று விடுபட்ட சான்றிதழ் அதிலே இருக்கலாம். 1914–18 போரின் வெள்ளிப் பதக்கம் இருப்பின் அதன் விளிம்பை நோக்குக. அங்கே வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். ஊர்க் கல்லிலே எண்ணாய் மட்டும் நின்றவர், அப்பதக்கத்தின் விளிம்பிலே எண்ணும் பெயருமாய் நிற்கிறார். வறுமையால் பதக்கத்தை உருக்கிய வீடுகளும் உண்டு. உருக்குமுன் ஒரு படி எடுத்து வைத்தல் நன்று.

மூன்றாவது, அடைமொழிகளைக் குறைத்துச் செயல்களைக் கூறுக. "கருணைக் கடல்" என்பது எவர்க்கும் பொருந்தும். ஆதலின் எவரையும் காட்டாது. தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணாக்கனுக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்டினார் என்பது ஒருவரையே காட்டும்.

நான்காவது, குறையை முற்றும் மறையாதிருக்க. ஆசிரியர் சினமுடையவராய் இருந்திருக்கலாம், பிரம்பெடுத்திருக்கலாம். மனிதராய் எழுதப்பட்டவரே நம்பப்படுவர். தெய்வமாய் எழுதப்பட்டவர் படமாகி, சுவரில் ஏறி, மறக்கப்படுவர்.

ஐந்தாவது, எழுதியதை ஒரு படி கலாசாலை நூல்நிலையத்துக்கும், ஒரு படி அவர் குடும்பத்தார்க்கும் கொடுக்க. இரண்டிடத்தில் உள்ளது எளிதில் அழியாது.

இவ்வேலையைத் தள்ளிப்போடுதல் கூடாது. முதற் பெரும்போரின் வீரர் ஒருவரும் இன்றில்லை. இரண்டாம் போரின் வீரர் இருப்பின் தொண்ணூற்றைந்தையும் கடந்தவராயிருப்பர். 1971-ஆம் ஆண்டுப் போரிலே இருபது வயதினராய் நின்றவரும் எழுபதைக் கடந்துவிட்டனர். நம்மிற் பலர்க்கு அகரம் எழுதக் கற்பித்த ஆசிரியரின் வயதையும் இவ்வாறே கணக்கிட்டுக்கொள்க. நாம் சென்று கேட்கும் நாள்வரை அவர் காத்திருப்பார் என்பதற்கு உறுதி யாதுமில்லை.

9. முடிவுரை

புகழ் பெறுதல் எல்லார்க்கும் இயல்வதன்று; இயலவேண்டுவதுமன்று. மு. வ. துணைவேந்தராய் உயர்ந்தது அவர் திறமைக்கும் காலத்துக்கும் உரியது. முருகைய முதலியார் துணைவேந்தராகவில்லை. அதனால் அவர் குறைந்தவரல்லர். நோயுற்று வேலையிழந்து நின்ற ஓர் இளைஞனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். அச்செயலின் அளவை அன்று அவரும் அறிந்திரார், ஊரும் அறிந்திராது. ஆசிரியத் தொழிலின் பெருமை முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது: தம் முன் அமர்ந்திருப்பவன் யாராய் வளர்வான் என்றறியாமலே, அவனுக்கு வேண்டியதை முழு மனத்தோடு கொடுத்தல்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணாக்கர் தம் ஏட்டின் வெற்றுப் பக்கம் ஒன்றிலே தம் முதல் ஆசிரியரின் பெயரை முழுமையாய் எழுதுக. அதன்கீழ் அவர் ஊரையும், அவர் கற்பித்த ஆண்டையும் எழுதுக. பெயர் நினைவுக்கு வரவில்லையாயின், இன்று மாலையே வீட்டுப் பெரியோரைக் கேட்டு அறிக. அவர் உயிரோடிருப்பாராயின், வரும் விடுமுறையிலே நேரிற் சென்று கண்டு, அவர் வாய்மொழியாகவே அவர் வரலாற்றைக் கேட்டு எழுதுக. அவர்க்கு நாம் அளிக்கும் காணிக்கையில் அதனினும் சிறந்தது வேறில்லை.